ஒரே வீட்டில் இரண்டு நஞ்சுக்கொடி

எனக்கு நல்ல நஞ்சுக்கொடி அமைந்ததுதான் நான் செய்த தப்பு. அது தன் பாட்டுக்கு வேர் விட்டு, குழாய் விட்டு, குழந்தைக்கு வேண்டிய இரத்தத்தை அள்ளி அள்ளி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருடைய பார்வையும் மஞ்சுளா அக்காவின் மேல்தான்.

மஞ்சுளா அக்கா என் கணவர் தமிழரசுவின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. நடுவில் ஒன்று தங்கிக் கலைந்துபோனது. சேலம், ஈரோடு என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து கடைசியில் உண்டானார். நான் அந்த வீட்டுக்கு வந்த வருடமே உண்டானேன், அவருக்கு ஒரு மாதம் பின்னால். அதற்காக எந்த டாக்டரையும் பார்க்கவில்லை, எந்தக் கோயிலையும் சுற்றவில்லை. சுலபமாகக் கிடைத்ததற்கு எந்த வீட்டில் மரியாதை?

என் மாமியார் ஆராயி அக்காவைக் கூப்பிட்டால் "சாமி". என்னைக் கூப்பிட்டால் "ஏ புள்ள". அவருக்கு முன்னறையில் கட்டில், ஏசி, உரித்த மாதுளை. எனக்குச் சமையலறை, கிரைண்டர், உரிக்காத வெங்காயம். மாதுளையை நானே உரித்துத் தின்றிருக்கலாம், யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு யாராவது உரித்துத் தர வேண்டும். அதுதான் என் வயிற்றெரிச்சல். பொறாமை என்று சொன்னாலும் சரி, நான் மறுக்கப் போவதில்லை.

அக்காவின் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு எங்கள் இரண்டு பேரையும் ஒரே காரில் சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்கு அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா அக்காவின் ஸ்கேனை நெடுநேரம் பார்த்தார். இரத்தம் எடுத்து ஒரு விசேஷமான சோதனைக்கு அனுப்பினார். அடுத்த வாரம் முடிவு வந்ததும் குடும்பத்தையே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"நஞ்சுக்கொடி ஒரு பொருளைச் சுரக்கும்மா. இரத்தக் குழாயை வளர வைக்கிற பொருள். வளர்ச்சிக் காரணின்னு சொல்லுவோம். அது போதுமான அளவு இருந்தா குழாய்ங்க நல்லா வளர்ந்து விரிஞ்சு கொடுக்கும், குழந்தைக்குத் தாராளமா இரத்தம் போகும். மஞ்சுளாவுக்கு அது ரொம்பக் குறைவா இருக்கு. குழாய் குறுகலாவே நின்னுடுச்சு."

"ஏனுங்க டாக்டரம்மா அது கொறஞ்சுது?" என்று அத்தை கேட்டார்.

"உடம்புல இன்னொரு பொருளும் இருக்கு. அது போய் அந்த வளர்ச்சிக் காரணியைப் பிடிச்சு வெச்சுக்கும். வேலை செய்ய விடாது. இவங்களுக்கு அது அதிகமா இருக்கு."

அத்தை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் என்ன செய்வேன்? என் முகம் அப்படி. மனதில் இருப்பது மூக்கு நுனியில் தெரியும். அன்றைக்கு மனதில் இருந்ததும் நல்லதில்லைதான். ஒருத்தியின் இரத்தத்தை இவ்வளவு அக்கறையாக எடுத்துச் சோதித்து, படம் போட்டு விளக்குகிறார்களே, கணவன் வேறு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று பொருமிக்கொண்டிருந்தேன். என் முறை வந்தபோது டாக்டரம்மா ஸ்கேன் திரையைப் பார்த்து, "உனக்கு அருமையா இருக்கும்மா, அடுத்த மாசம் வா" என்று அனுப்பிவிட்டார். என் நஞ்சுக்கொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் அக்காவுக்குச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் கேட்டேன். இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும், காலையும் மாலையும் வீட்டிலேயே பார்க்க வேண்டும். தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி, முகமோ கையோ வீங்குவது, இதில் எது வந்தாலும் உடனே கிளம்பி வர வேண்டும். அடுத்தவளுக்குக் கிடைப்பதை எண்ணிக்கொண்டிருப்பவளுக்குக் காது கூர்மையாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை உப்பும் மிளகாயும் எடுத்து மஞ்சுளா அக்காவுக்குச் சுற்றிப் போட்டார். அடுப்பில் படபடவென்று வெடித்தது. நானும் வரிசையில் நிற்பதுபோல் வாசலில் நின்றேன்.

"உனக்கு எதுக்கு புள்ள? நீ கண்ணு வெக்காம இருந்தாப் போதும்" என்றார்.

அன்று மாலையே முன்னறைக்கும் நடைக்கும் நடுவில் ஒரு திரை ஏறியது. எங்கள் வீட்டு விசைத்தறியில் ஓடிய துணிதான். ஒரே கூரையின் கீழ் இரண்டு வயிற்றுப்பிள்ளைக்காரிகள் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கக் கூடாதாம், ஒரு கர்ப்பம் இன்னொன்றை அடித்துவிடுமாம். என்னைத் தாய் வீட்டுக்கு மேச்சேரிக்கு அனுப்பியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். ஆனால் வளைகாப்பு போட்டுத்தான் பெண்ணை அனுப்புவது வழக்கம், என் வளைகாப்புக்கு இன்னும் மாதமிருந்தது. மஞ்சுளா அக்காவுக்குத் தாய் இல்லை. ஆத்தூரில் அப்பா மட்டும்தான். அதனால் அவர் பிரசவமும் எங்கள் பொறுப்பு. ஆக அவருக்கு முன்வாசல், எனக்குத் தறிக்கொட்டகை வழியாகப் பின்வாசல்.

தமிழரசுவிடம் சொல்லி அழுதேன். "அண்ணிக்கு ஒடம்பு செரியில்ல, நீ நல்லாத்தானே இருக்க?" என்றார். நல்லாத்தான் இருந்தேன். அதுதானே பிரச்சினை.

ஏழாம் மாதத்தில் மஞ்சுளா அக்காவுக்கு வளைகாப்பு நடந்தது. ஊரே வந்தது. இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக. நான் கிட்டே போகக் கூடாது என்பதால் சமையலறையில் உட்கார்ந்து புளிச்சோற்றைத் தனியாகத் தின்றேன். கோபத்தில் இரண்டு தட்டு தின்றேன்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் ஒரு சிக்கல் வந்தது. அக்காவின் கணவர் இளவழகன், எனக்குப் பெரிய மாமா, ஆன்லைனில் ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வைத்திருந்தார். கைக்கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டுகிற வகை. இப்போது மணிக்கட்டு எங்கே இருக்கிறது? வளையல்தான் இருக்கிறது.

"ரெண்டு வளையலைக் கழட்டுனா போதும்மா" என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"வாயக் கழுவு. புள்ள பொறக்கற வரைக்கும் வளையலத் தொடக் கூடாது. வெள்ளிக்கெழம ஆசுபத்திரி போறமல்லொ, அங்க பாத்துக்கலாம்" என்று அத்தை மிஷினை எடுத்து டிவிக்குப் பின்னால் வைத்துவிட்டார். பெரிய மாமா தலையைச் சொறிந்துகொண்டு தறிக்குப் போனார். எட்டுத் தறி ஓடுகிற வீட்டில் ஆம்பளைகளுக்கு ஒளிந்துகொள்ள எப்போதும் ஓர் இடம் உண்டு.

அந்த வளையல் சத்தம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தறி ஓடும்போது ஒன்றும் கேட்காது. டீக்கு நிறுத்தினால் போதும், திரைக்கு அந்தப் பக்கமிருந்து கலகலவென்று வரும். அக்கா தண்ணீர் குடித்தால் சத்தம், புரண்டு படுத்தால் சத்தம், தலை வாரினால் சத்தம். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கேட்டால் நல்லதாம். என் குழந்தைக்கும் அதுதான் கேட்டது, இரவல் சத்தம்.

அந்த வாரம் ஒருநாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். எல்லாத் தறியும் நின்றது. ஊர் முழுக்கத் தறி நின்றால் ஜலகண்டாபுரம் வேறு ஊராகிவிடும், காக்கா கத்துவது கூடக் கேட்கும். நான் நடையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, எப்போது கலகலக்கும், எப்போது எரிச்சல்படலாம் என்று காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். பட்டப்பகலில் தூக்கம், கொடுத்து வைத்தவர். பிறகு கட்டில் முனகியது. காலடி கேட்டது. டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது. அவர் அதைக் குனிந்து எடுப்பதும் கேட்டது. வளையல் மட்டும் பேசவில்லை.

கழற்றிவிட்டாரா? எனக்குச் சுரீர் என்றது. எனக்கு மட்டும் ஆயிரம் சட்டம், மகாராணிக்குப் புழுக்கமாக இருந்தால் வளையலைக் கழற்றிக்கொள்ளலாமா? கையும் களவுமாகப் பிடித்து அத்தையைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றுதான் எழுந்தேன். சத்தியமாக வேறு எந்த நல்ல எண்ணமும் எனக்கு இல்லை. திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

வளையல்கள் கையில்தான் இருந்தன. ஆனால் அசையவில்லை. கை வீங்கி, ஒவ்வொரு வளையலும் சதையில் பதிந்து, நடுநடுவே தோல் பிதுங்கிக்கொண்டு நின்றது. முகமும் அப்படியே. கண் இடுங்கிப்போயிருந்தது. தினமும் சோறு ஊட்டுகிறவர்களுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய வீக்கம் உடம்பு பூசினதாகத் தெரிந்திருக்கும். நான் பல நாள் கழித்து இப்போதுதான் கிட்டத்தில் பார்க்கிறேன்.

அக்கா என்னைக் கண்டதும் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அக்கா, தல வலிக்குதுங்களா?"

"இல்ல." ரொம்பச் சீக்கிரமாகச் சொன்னார்.

"கண்ணு முன்னால பூச்சி பறக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல பிரபா. நீ போ. அத்தை பாத்தா சத்தம் போடுவாங்க."

பொய் சொல்கிறவரை எனக்குத் தெரியும், நானே நன்றாகச் சொல்வேன். நேரே தறிக்கொட்டகைக்குப் போய், ரிப்பேர் பெட்டியிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்தேன். ஒரு துண்டை நனைத்து முறுக்கிக்கொண்டேன். திரும்பி வந்து அக்காவின் இடது கையைப் பிடித்து, துண்டைச் சுற்றி, மணிக்கட்டிலிருந்த முதல் வளையலைத் துண்டோடு சேர்த்துக் கவ்வி அழுத்தினேன். 'டிக்' என்று உடைந்தது. அக்கா "வேண்டாம், வேண்டாம்" என்று கையை இழுத்தார். இழுக்கக்கூட அவரிடம் பலமில்லை. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதும்.

அப்போதுதான் அத்தை இளநீரோடு உள்ளே வந்தார்.

அவர் பார்த்தது இதுதான். பொறாமைக்காரி இளைய மருமகள், மூத்த மருமகளின் கையை முறுக்கிப் பிடித்து, வளைகாப்பு வளையலை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அடிப் பாவி! எம் மவன் உசுரோட இருக்கையில அவ வளையல ஒடைக்கிறியே! நாசமாப் போறவளே!" இளநீர் சொம்பு ஒரு பக்கம் உருண்டது. என் முதுகில் பளார் பளாரென்று விழுந்தது. கர்ப்பிணி என்றெல்லாம் பார்க்கவில்லை. நானும் குனிந்துகொண்டு நாலாவது வளையலை உடைத்தேன். மணிக்கட்டு வெளியே வந்தது. வளையல் இருந்த இடத்தில் பள்ளம் பள்ளமாகத் தடம்.

"அந்த மிஷின எடுங்க அத்தை!"

"எதுக்குடி?"

"எடுங்கன்னா!"

"கரண்டே இல்ல, மிசின் எப்புடிடி ஓடும்?"

அது பேட்டரியில் ஓடும் என்று விளக்க எனக்குப் பொறுமையில்லை. நானே டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து அக்காவின் மணிக்கட்டில் கட்டினேன். அத்தை கத்திய கத்தலில் பெரிய மாமாவும் தமிழரசுவும் தறிக்கொட்டகையிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். மிஷின் புஸ்ஸென்று இறுக்கி, விட்டு, எண்ணைக் காட்டியது. மேலே நூற்றெழுபது. கீழே நூற்றுப் பத்து. பெரிய மாமா அதைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், கார் சாவியை எடுக்க ஓடினார்.

தாரமங்கலம் தாண்டும் வரை காரில் அத்தை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். என்னை ஏன் ஏற்றினார்கள் என்று கேட்டால், நான்தான் இறங்க மறுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்து, இன்னும் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், தாயும் போயிருப்பாள், பிள்ளையும் போயிருக்கும் என்றார். வலிப்பு வராமலிருக்க ஊசி, குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி என்று இரண்டு நாள் சமாளித்தார்கள். மூன்றாம் நாள், தொப்புள்கொடி வழியாக இரத்தம் போவது நின்று நின்று போகிறது, இனி உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதே குழந்தைக்கு நல்லது என்று ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. ஒன்றே கால் கிலோ. நஞ்சுக்கொடி சின்னதாக, அங்கங்கே வெள்ளையாகக் காய்த்துப்போயிருந்தது என்றார் டாக்டரம்மா. அவ்வளவு குறைந்ததை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை இத்தனை நாள் தாக்குப்பிடித்ததே பெரிது என்றார்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் அத்தை ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போட்டு என்ன சொன்னார் தெரியுமா? "வளையல் ஒடஞ்ச தோசம், கொழந்த முன்னாலயே பொறந்துபோச்சு." நான் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி சாகும் வரை என் தலையில்தான். ஆகாவிட்டாலும் டாக்டருக்கும் அம்மனுக்கும்தான் பேர் போகும். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் அத்தை காப்பி குடிக்கப் போன நேரத்தில் அக்காவின் அறைக்குள் நுழைந்தேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கையில் ஒரு வளையல்கூட இல்லை, மீதியை நர்ஸுகள் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"தல வலிச்சுதுதானுங்க அக்கா?" என்று கேட்டேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூணு நாளா வலிச்சுது. கண்ணுலயும் பூச்சி பறந்துது."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"சொன்னா வயித்தக் கிழிச்சு எடுத்துருவாங்க. எலிக்குஞ்சாட்டம் இருக்கும். அப்பறம் உனக்குப் பொறக்கும், கொழுகொழுன்னு. எல்லாரும் ரெண்டையும் பக்கத்துல போட்டுப் பாப்பாங்க. நீ எனக்கு ஒரு மாசம் பின்னாலதான உண்டான பிரபா. உன் வயிறு என்னுதவிடப் பெருசா இருந்துது. திரை சந்துல தெனமும் பாப்பேன். நீ தறிக்கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடந்துட்டே இருப்ப. எனக்கு வயிறு எரியும். இன்னும் ஒரு வாரம் தாங்கிட்டாப் போதும்னு பல்லக் கடிச்சுட்டுக் கெடந்தேன். அந்த ஒரு வாரத்துல ஒரு நூறு கிராமாவது ஏறாதான்னு."

எனக்கு அவரை அறையலாம்போல் இருந்தது. கட்டிக்கொள்ளலாம்போலவும் இருந்தது. நான் மாதுளைக்காக எரிந்துகொண்டிருந்த அதே நேரத்தில், இந்த மனுஷி என் நடையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறார்.

"செத்திருப்பீங்களேக்கா" என்றேன்.

அந்த நேரம் அத்தையும் பெரிய மாமாவும் உள்ளே வந்தார்கள். பின்னாலேயே குழந்தைகள் பிரிவிலிருந்து நர்ஸும் வந்தார். அம்மாவால் எழுந்து வர முடியாததால் அவர் சார்பாக ஒரு பெண் மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்று குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்தார்.

"அத்தை, நீங்க இருங்க. பிரபா போவட்டும்" என்றார் மஞ்சுளா அக்கா.

"அவளா? வேண்டாஞ் சாமி. அவ கண்ணு..."

"அவ கண்ணுதான் வேணும். நீங்கெல்லாம் பாசமாப் பாப்பீங்க. அப்புடித்தான் என்னையும் பாத்தீங்க, ஒண்ணும் தெரியல. ஒரு கொறை இருந்தாலும் அவ உடமாட்டா." பிறகு என் பக்கம் திரும்பினார். "போ பிரபா. எப்பவும் பாக்கற மாதிரியே பாரு."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவை விட்டு ஒதுங்கி வழி விட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது படுத்திருந்தது. என் முன்கை நீளம்கூட இல்லை. மூக்கில் குழாய், காலில் ஊசி, தலையில் ஒரு பொம்மைத் தொப்பி. அதைச் சுற்றி இரண்டு நர்ஸ், ஒரு டாக்டர், நாலு மிஷின். இனி வருடக்கணக்கில் எங்கள் வீட்டில் இது எத்தனை கிராம் ஏறியது என்றுதான் பேச்சாக இருக்கும். என் பிள்ளை மூன்று கிலோவில் பிறந்தால், 'நல்லாத்தானே இருக்கு' என்று ஒரு மூலையில் போடுவார்கள். அடிவயிற்றிலிருந்து எனக்கு எரிந்தது. அந்த எரிச்சலோடே பார்த்தேன். நெற்றியைப் பார்த்தேன், காது மடலைப் பார்த்தேன், விரலை எண்ணினேன், நகத்தின் நிறத்தைப் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்குவதை விடாமல் பார்த்தேன். நர்ஸ் காலைத் தொட்டபோது வெடுக்கென்று உதைத்தது. எங்கே குறை, எங்கே குறை என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடினேன். போதும் என்று நர்ஸ் சொல்லும் வரை தேடினேன்.

திரும்பி வந்தபோது மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். அத்தை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சின்னதா இருக்குதுங்க அக்கா. அவ்வளவுதான். தேடித் தேடிப் பாத்துட்டேன், வேற ஒரு கொறையும் கெடைக்கல" என்றேன். எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, அதுவும் குரலில் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா காலையிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் மஞ்சுளா அக்கா கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் சொன்ன பிறகுதான் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார்.